வடம் எந்த வழியாகப் போகிறது?

போன தவணையில் படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு விளக்கக் கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். ஏதாவது ஓர் இயந்திரத்தில் ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டும். பெரும்பாலோர் மின்விசிறி, கைப்பேசி மின்கலம் என்று எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகக் கட்டும் சிறு விமானத்தைப் பற்றி எழுதியிருந்தான். யூடியூப்பில் பார்த்திருக்கிறான். "விமானியின் கையையும் வால்பகுதியையும் ஒரு கம்பி இணைக்கும். அந்தக் கம்பி வலுவாக இருக்க வேண்டும்." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் ஓரத்தில் சிவப்பு மையில் 'எப்படி? ஏன்?' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவனே வந்து, "டீச்சர், அந்தக் கம்பி அறுந்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டான். கேள்வி கேட்ட எனக்கே பதில் தெரியவில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் விமானப் பராமரிப்புத் துறையில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அறுந்து போறதைவிட, உரசுறது, சிக்கிக்கிறது, மாத்தி மாட்டுறது, இந்த மூணுக்குத்தான் டீச்சர் நாங்க பயப்படுவோம்" என்றார். பிறகு பயிற்சிப் பட்டறையில் கழித்துப்போட்ட ஓர் அடி நீளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் கட்டுரை அந்தத் துண்டிலிருந்து தொடங்கியது. வகுப்பில் வாசிப்புப் பகுதியாகப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் தாராளமாக வெட்டிச் சுருக்கிக்கொள்ளலாம்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். மாணவன் 'கம்பி' என்று எழுதினான். கம்பி என்றால் ஒற்றை உலோக இழை என்றும் பொருள்படும், வேலிக்கம்பி மாதிரி. விமானத்தில் இருப்பது அது இல்லை. பல இழைகளை முறுக்கிப் புரியாக்கி, பல புரிகளை மறுபடி முறுக்கிச் செய்தது. தேர் வடம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே அமைப்பு, எஃகில். அதனால் 'வடம்' என்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. 'கேபிள்' என்று எழுதினாலும் நான் புள்ளி குறைக்க மாட்டேன். ஆனால் 'கேபிள்' என்றதும் பிள்ளைகளுக்கு மின்சாரம்தான் நினைவுக்கு வருகிறது.

சிறு விமானங்களில் அதிகம் பயன்படும் வடத்தில் 7 புரிகள் இருக்கும். ஒவ்வொரு புரியிலும் 19 இழைகள். ஆக 133 இழைகள் சேர்ந்து வெறும் 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. இவ்வளவு மெல்லிய இழைகளாகப் பிரிப்பது வளைவதற்காக. ஒரே தடிப்பான கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சீக்கிரம் ஒடிந்துவிடும். பல இழைகள் என்றால் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி வளைந்துகொடுக்கும். வலுவிலும் குறை இல்லை. நாகம் பூசிய எஃகு வடத்தில் இந்த அளவுக்கு 2000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஒரு கஞ்சில் காடியே அவ்வளவு எடை இல்லை. புது வடத்தை ஒரு மனிதன் கையாலும் காலாலும் இழுத்து அறுத்துவிடுவான் என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் ஆபத்து எங்கே? வடம் போகும் வழியில்.

விமானியின் முன்னால் ஒரு கட்டுப்பாட்டுக் கோலும் காலடியில் இரண்டு மிதிகளும் இருக்கும். கோலை முன்னும் பின்னும் தள்ளினால் வாலிலுள்ள எலிவேட்டர் தகடு அசைந்து மூக்கு தாழும் அல்லது உயரும். பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கைகளின் ஓரத்திலுள்ள அய்லெரான் தகடுகள் அசையும். மிதிகள் சுக்கானைத் திருப்பும். எல்லாச் சிறு விமானங்களிலும் இவை எல்லாமே வடத்தால் இயங்குவதில்லை. கட்டுநர்களிடையே புகழ்பெற்ற அமெரிக்காவின் ஆர்.வி. வகை விமானங்களில் எலிவேட்டரும் அய்லெரானும் தள்ளுகோல்களால் இயங்குகின்றன. சுக்கானுக்கு மட்டும்தான் வடம். 1929இல் பெர்னார்ட் பீட்டன்போல் என்ற அமெரிக்கர் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினை வைத்துப் பறக்கவிட்ட 'ஏர் கேம்பர்' போன்ற மர விமானங்களில் வடத்துக்குத்தான் வேலை அதிகம். அந்த விமானத்தை இன்றைக்கும் ஆர்வலர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கோலுக்கும் வடத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோலால் தள்ளவும் முடியும், இழுக்கவும் முடியும். வடத்தால் இழுக்க மட்டும்தான் முடியும். கயிற்றைத் தள்ளிப் பாருங்கள், சுருண்டுகொள்ளும். ஆகவே ஒரு தகட்டை மேலே இழுக்க ஒரு வடம், கீழே இழுக்க இன்னொரு வடம் என்று இரண்டு வேண்டும். இரண்டு வடம் என்றால் இரண்டு பாதை, இரண்டு மடங்கு உரசல் வாய்ப்பு, அதோடு இடம் மாற்றி மாட்டிவிடும் வாய்ப்பும். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

சைக்கிள் பிரேக் கம்பியும் இதே மாதிரிதானே என்று வகுப்பில் கேட்பார்கள். என் வகுப்பிலும் கேட்டார்கள். அதில் வடம் ஒரு குழாய் உறைக்குள் ஓடுகிறது. உறையை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம், வசதி. ஆனால் வளைவு கூடக் கூட உராய்வு ஏறிக்கொண்டே போகும். மாட்டுக் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடித்தால் ஒரு பையன்கூட காளையை நிறுத்திவிடலாம் இல்லையா, அதே விதிதான். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால், உறை 90 பாகை வளைந்ததுமே, மறுமுனையில் 100 அலகு விசை கிடைக்க இந்த முனையில் சுமார் 137 அலகு இழுக்க வேண்டும். இன்னொரு 90 பாகை வளைத்தால் 187. பிரேக்குக்கு இது பரவாயில்லை. காற்றின் அழுத்தத்தைக் கைவழியே உணர்ந்து ஓட்ட வேண்டிய விமானிக்கு இது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. பர்ட் ரூட்டன் வடிவமைத்த 'லாங்-ஈசி' என்ற விமானத்தில் சுக்கான் வடம் நைலான் குழாய்க்குள் ஓடத்தான் செய்கிறது. எந்தக் குழாயாக இருந்தாலும், கூர்மையாக மடக்கினால் இந்தக் கணக்கு விடாது.

ஆகவே முதல் விதி, நேராகப் போக முடிந்தால் நேராகப் போ. திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால் கப்பி வை. ஆரம்பப்பள்ளி அறிவியலில் படித்த அதே கப்பிதான். ஆனால் கப்பியின் பள்ளமும் வடம் வரும் கோடும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு பாகைக்கு மேல் விலகக் கூடாது என்பது பராமரிப்பு நூல்களில் சொல்லப்படும் அளவு. விலகினால் வடம் பள்ளத்தின் நடுவில் உட்காராமல் ஓரச் சுவரைத் தேய்த்துக்கொண்டே ஓடும். தளர்ந்த நேரத்தில் ஏறி வெளியே குதித்துவிடும். அப்படிக் குதிக்காமலிருக்க ஒவ்வொரு கப்பியின் விளிம்பிலும் ஒரு சிறிய தடுப்புக் கம்பி குறுக்கே போடுவார்கள். கிணற்றுக் கப்பியில் கயிறு பக்கவாட்டில் இறங்கி அச்சில் மாட்டிக்கொண்டதைப் பார்த்த பாட்டிமார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கப்பி பெரிதாக இருப்பதும் முக்கியம். சின்னக் கப்பியில் வடம் சட்டென்று வளைந்து, உள்ளிழைகள் களைத்து ஒடியும்.

நேராகப் போகும் நீண்ட வடமும் சும்மா இருப்பதில்லை. எஞ்சின் அதிர்வில் ஆடும். உடலின் குறுக்குச் சட்டங்களில் துளை போட்டு அதன் வழியாகத்தான் வடம் போகிறது. அந்தத் துளையின் விளிம்பு வெறும் அலுமினியத் தகடாக இருந்தால், எஃகு வடம் அதை ரம்பம் போல அறுக்கும். அறுக்கும்போது தானும் தேயும். அதனால் துளையில் நைலான் போன்ற, எஃகைவிட மென்மையான பொருளில் ஒரு வளையம் பொருத்துவார்கள். இதை ஃபேர்லீட் என்பார்கள். நம் வசதிக்கு 'வழிகாட்டி வளையம்' என்று வைத்துக்கொள்வோம். தேய வேண்டியது வளையம், வடம் அல்ல. வளையத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் புதிதாகக் கட்டுபவர்கள் ஆசைப்படுவார்களாம். வளையம்தான் இருக்கிறதே, அதை வைத்தே வடத்தைக் கொஞ்சம் திருப்பிவிடலாம், ஒரு கப்பி மிச்சம் என்று. கூடாது. வழிகாட்டி வளையம் வடத்தின் போக்கை மூன்று பாகைக்கு மேல் மாற்றக் கூடாது என்பது விதி. ஆடாமல் பிடிப்பதுதான் அதன் வேலை, திருப்புவது இல்லை.

அடுத்தது அண்டை வீட்டார். வடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். மின்கம்பிக் கட்டு ஒன்று தளர்ந்து வடத்தின்மேல் சாய்ந்தால், காப்புறை தேயும். உள்ளே செம்பு வெளிப்பட்டு எஃகைத் தொட்டால் தீப்பொறி பறக்கும்; 133 இழைகளில் சில அங்கேயே கருகும். அசையும் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கும் மின்கம்பிக்கும் இடையே குறைந்தது அரை அங்குலம், சுமார் 13 மில்லிமீட்டர், இடைவெளி வேண்டும். அதுவும் எப்படி அளக்க வேண்டும் தெரியுமா? கம்பிக் கட்டைக் கையால் லேசாக வடத்தின் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். தள்ளிய பிறகும் அரை அங்குலம் மிஞ்ச வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது எடுக்கும் அளவை அது நம்பவே இல்லை.

தரையும் ஓர் அண்டை வீடுதான். சிறு விமானங்களில் வடங்கள் பெரும்பாலும் இருக்கைக்கு அடியிலும் தரைக்கு அடியிலும் ஓடும். மேலிருந்து விழும் பேனா, டார்ச், திருப்புளி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஒரு திருப்புளி கப்பிக்கும் வடத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டால் போதும். ஆகவே மேலே மூடி வேண்டும், அந்த மூடியைச் சோதனைக்காகத் திறக்கவும் முடிய வேண்டும். தண்ணீரும் அங்கேதான் தேங்கும், வடிகால் துளை இல்லாவிட்டால் துரு. மின்கலத்துக்குக் கீழே வடம் போனால் அமிலக் கசிவையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தரைக்கு அடியில் வடம் போவதன் விலையைப் பயணிகள் விமானத் துறை கொடுமையாகக் கற்றுக்கொண்டது. டி.சி.-10 விமானத்தில் பயணிகள் தளத்துக்கு அடியில்தான் வாலுக்கான வடங்கள் ஓடின. 1972 ஜூன் 12 அன்று டெட்ராய்ட்டிலிருந்து கிளம்பிய ஒரு டி.சி.-10இல் பின்புறச் சரக்கறைக் கதவு நடுவானில் பிய்ந்து போனது. சரக்கறையில் காற்றழுத்தம் சட்டென்று இறங்க, மேலேயிருந்த அழுத்தம் தளத்தைக் கீழே அமுக்கியது. தளம் இடிந்து வடங்களின்மேல் விழுந்தது. சில வடங்கள் பிழைத்ததால், எஞ்சின்களின் விசையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து விமானி மறுபடி டெட்ராய்ட்டில் இறக்கினார். 67 பேரும் உயிர் தப்பினார்கள். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, 1974 மார்ச் 3 அன்று பாரிஸுக்கு அருகே துருக்கிய விமானம் ஒன்றில் அதே கதவு, அதே தளம். இந்த முறை கட்டுப்பாடு மிஞ்சவில்லை. 346 பேர் இறந்தார்கள். வடத்தின் தரத்தில் குறையில்லை. அதன் தலைக்குமேல் இருந்தது இடிந்து விழுந்தது.

வடத்தின் இறுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்தல் கட்டும்போது கம்பியை இறுக்க இரண்டு பக்கமும் திருகு உள்ள ஒரு சாமான் பயன்படுத்துவார்கள் அல்லவா, அதே டர்ன்பக்கிள்தான் இங்கும். இறுக்கிய பிறகு திருகின் மரை மூன்றுக்கு மேல் வெளியே தெரியக் கூடாது; தானாகச் சுழன்று தளராமலிருக்கக் கம்பி போட்டுக் கட்டிவிட வேண்டும். இதையும் பாதையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். டர்ன்பக்கிள் வடத்தைவிடத் தடிப்பு. கோலைக் கடைசி வரை தள்ளும்போது அது நகர்ந்து போய்க் கப்பியிலோ வளையத்திலோ முட்டினால், பாதிப் பயணத்தில் கோல் நின்றுவிடும். நடுவில் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அலுமினிய உடலுக்குள் எஃகு வடம் என்பதால் வெயிலும் ஒரு கணக்குக் கேட்கும். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு பாகை செல்சியசுக்கு சுமார் 0.023 மில்லிமீட்டர் நீளும். எஃகு அதில் பாதி, சுமார் 0.012. ஐந்து மீட்டர் உடலில் 30 பாகை வெப்பம் ஏறினால் உடல் வடத்தைவிட ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கூடுதலாக நீண்டிருக்கும். வடம் இறுகும். உயரத்தில், குளிரில், தளரும். மர விமானத்தில் இது தலைகீழ்; நார்ப்போக்கில் மரம் எஃகைவிடக் குறைவாகவே நீளும். அதனால்தான் இறுக்க அளவைச் சொல்லும் அட்டவணையில் வெப்பநிலையும் சேர்ந்தே இருக்கும். இயற்பியல் எடுத்த மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

இறுக்கத்தைச் சரிசெய்வது சின்ன வேலை மாதிரிதான் தெரியும். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரில் பீச் 1900 வகை விமானம் ஒன்று கிளம்பிய உடனே விழுந்து 21 பேர் இறந்தார்கள். சற்று முன்பு நடந்த பராமரிப்பில் எலிவேட்டர் வடத்தைச் சரிசெய்தபோது சில படிகள் விடப்பட்டிருந்தன. மூக்கைத் தாழ்த்தும் பக்கம் எலிவேட்டர் பாதி தூரம்தான் போனது. பின்பக்கம் பாரமும் கூடுதல். விமானிகள் கோலை முன்னே தள்ளியும் மூக்கு தாழவில்லை.

இப்போது மாற்றி மாட்டுவதற்கு வருவோம். 2018 நவம்பர் 11 அன்று கஸக்ஸ்தானின் ஏர் அஸ்தானா விமானம் ஒன்று போர்த்துகல்லில் பெரிய பராமரிப்பு முடிந்து கிளம்பியது. எம்பிரேயர் 190 வகை, உள்ளே ஆறு பேர். அய்லெரான் வடங்கள் புதிதாகப் போடப்பட்டிருந்தன, இடம் மாறி. வலப்பக்கம் சாய்த்தால் அய்லெரான்கள் இடப்பக்கம் உருட்டின. விமானிகள் மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்றே புரியாமல் போராடினார்கள். கடைசியில் இரண்டு போர் விமானங்கள் வழிகாட்ட, மூன்றாவது முயற்சியில் பேஜா என்ற தளத்தில் இறங்கினார்கள். கிளம்பும் முன் செய்த சோதனைகளில் யார் கண்ணிலும் இது படவில்லை. வடங்கள் புதியவை, இறுக்கம் சரி, கோல் இலேசாக அசைந்தது. தகடு அசைகிறதா என்று பார்ப்பது ஒன்று, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பது வேறொன்று. கோலை வலப்பக்கம் சாய்த்தால் வல இறக்கையின் அய்லெரான் மேலே எழ வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

வீட்டில் கட்டுபவருக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. அமெரிக்க விதிப்படி விமானத்தின் பெரும்பகுதியை அவர் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ சொந்தமாகக் கட்டியிருக்க வேண்டும். (கல்விக்காக என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது, எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.) வடத்தை இழுத்தவர், இறுக்கியவர், சோதித்தவர், ஓட்டப்போகிறவர் எல்லாம் ஒரே ஆள். தான் எழுதிய கட்டுரையில் எழுத்துப்பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்று நமக்குத் தெரியும்தானே. பிரிட்டனில் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொட்டுச் செய்த எந்த வேலையையும் இரண்டாவது ஆள் ஒருவர் தனியாக மறுபடி பார்க்கும் முறை இருக்கிறது.

என் மாணவரின் துண்டுக்கு வருகிறேன். வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். "நல்லாத்தானே இருக்கு டீச்சர்" என்றார்கள். எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. பிறகு ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து வடத்தைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்தேன். நடுவில் ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டது. நூல் பிரிந்து ஓர் இழையின் முனையில் தொங்கியது. அந்த இடத்தை வளைத்ததும் இன்னும் நான்கைந்து இழைகள் முள் மாதிரி வெளியே நீட்டின. கப்பிமேல் ஓடிய இடம் அது. பட்டறையில் செய்வதும் இதே சோதனைதான். ஆனால் கோலை இரண்டு எல்லைக்கும் தள்ளித் தள்ளிச் செய்வார்களாம். நடுவில் நிறுத்தியபடி துடைத்தால், தேய்ந்த இடம் கப்பிக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

அந்தப் பையன் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தான். 'வலுவாக இருக்க வேண்டும்' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, கப்பியிலிருந்து தொடங்கியிருந்தான். எழுத்துப்பிழை இன்னும் இருக்கிறது, 'வளையம்' மூன்று இடத்தில் 'வலையம்' ஆகியிருந்தது. 'ஏன்' என்ற கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு பத்தியிலும் பதில் இருந்தது.

இதை வகுப்பில் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு விமான வடம் தேவையில்லை. சைக்கிள் கடையில் கழற்றிப்போட்ட பழைய பிரேக் கம்பி கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். துணியால் மட்டும் துடைக்கச் சொல்லுங்கள், வெறும் விரலை ஓடவிட வேண்டாம். என் சுண்டுவிரலில் இன்னும் பிளாஸ்திரி இருக்கிறது.